பிரிண்டர் ஓடாத வெள்ளிக்கிழமை

வங்கியில் கணக்கு வைத்திருக்கும் பெருமக்களே! அப்படிச் சொன்னதில் இந்த மன்றத்தில் அமர்ந்திருக்கும் அத்தனை பேரும் அடக்கம். அந்தத் தைரியத்தில்தான் தரவுப் பாதுகாப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. டாக்காவில் வார விடுமுறை. வங்கதேச மத்திய வங்கியில் ஒரு பிரிண்டர் ஓடவில்லை. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றச் செய்திகளைத் தானாகவே அச்சிட்டுத் தள்ளவேண்டிய பிரிண்டர் அது. முன்பும் பழுதானதுதான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எந்த அலுவலகத்தில் ஐயா பிரிண்டர் ஒழுங்காக ஓடுகிறது?

ஆனால் அன்று அதன் வாயைக் கட்டியவர்கள் திருடர்கள். முந்தின இரவே, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றச் செய்திகளை அனுப்பும் ஸ்விஃப்ட் கணினிக்குள் புகுந்து, வங்கதேசம் கணக்கு வைத்திருந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்குப் பணம் அனுப்பச் சொல்லி 35 உத்தரவுகள் அனுப்பிவிட்டார்கள். மொத்தம் ஏறத்தாழ 95 கோடி டாலர். கணக்கு எண் சரி, கடவுச்சொல் சரி, வந்த வழியும் சரி. ஆள் மட்டும் வேறு.

இப்படிப்பட்ட திருட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய வழி ஒன்று உண்டு. தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களைப் பட்டியல் போட்டு, வருவதை அதோடு ஒப்பிடுவது. புதிதாக வருகிறவன் பட்டியலில் இருக்கமாட்டானே! டோரதி டென்னிங் என்ற அமெரிக்க அறிஞர் 1987-இல் வெளியிட்ட கட்டுரையில் இதைத் திருப்பிப் போட்டார். திருடனைத் தெரிந்திருக்க வேண்டாம், வழக்கமாக வருகிறவரைத் தெரிந்திருந்தால் போதும் என்றார். அவர் எந்த நேரத்தில் உள்ளே வருகிறார், எதைத் திறக்கிறார், எவ்வளவு எடுக்கிறார் என்று கணினியே குறித்து வைக்கட்டும். அந்த வழக்கத்திலிருந்து விலகினால் எச்சரிக்கட்டும். நம் தெரு மளிகைக் கடைக்காரர் இதைக் காலங்காலமாகச் செய்கிறார். மாதம் பத்துக் கிலோ அரிசி வாங்கும் வீட்டிலிருந்து இரண்டு மூட்டை கேட்டால், தராசைத் தொடுவதற்கு முன் கேட்பார்: "என்னம்மா, வீட்ல விசேஷமா?"

அன்றிரவு அந்தக் கேள்வியைக் கேட்க எத்தனை காரணங்கள் இருந்தன என்று பாருங்கள். 35 உத்தரவுகளும் முதலில் வந்தபோது தேவையான விவரம் இல்லாமல் வந்து திருப்பி அனுப்பப்பட்டன. திருத்தி மறுபடி வந்தன. ஒரு நாட்டின் மத்திய வங்கி தனிநபர்களின் பெயருக்குக் கோடிக்கணக்கில் பணம் அனுப்பச் சொன்னது. பணம் போய்ச் சேரவேண்டிய கணக்குகள், பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் 2015 மே மாதம் தலா 500 டாலரில் தொடங்கி, ஒன்பது மாதம் அசையாமல் கிடந்தவை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு கண் இல்லை. நடக்கும்போதே மோசடியை மோப்பம் பிடிக்கும் ஏற்பாடும் நியூயார்க் வங்கியில் அப்போது இல்லை.

ஆனாலும் 35-இல் 30 உத்தரவுகள் நின்றுபோயின. எப்படி? அதுதான் வேடிக்கை. பணம் போகவிருந்த வங்கிக் கிளை மணிலாவில் ஜூபிட்டர் தெருவில் இருந்தது. ஈரான் தொடர்பான அமெரிக்கத் தடைப் பட்டியலில், கப்பல் தொழில் சார்ந்த ஒரு பெயரிலும் ஜூபிட்டர் இருந்தது. பெயர்ப் பொருத்தம் பார்த்த மென்பொருள் விழித்துக்கொண்டது. வேறு எதற்கோ வைத்த பொறியில் இந்த எலி விழுந்தது. இதைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஐந்து உத்தரவுகள் தப்பின. அதில் ஒன்று, இலங்கையில் ஓர் அறக்கட்டளைக்கு 2 கோடி டாலர். 'ஃபவுண்டேஷன்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'ஃபேண்டேஷன்' என்று இருந்தது. இடையில் இருந்த ஜெர்மானிய வங்கி விளக்கம் கேட்டது. இவ்வளவு பெரிய தொகை இங்கே எதற்கு என்று இலங்கை வங்கிக்கும் சந்தேகம். பணம் திரும்பியது. மற்ற நான்கும், 8.1 கோடி டாலர், மணிலா போய்ச் சேர்ந்தன. பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் போய் மறைந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் பணமோசடித் தடுப்புச் சட்டம் அப்போது சூதாட்ட விடுதிகளைத் தொடவில்லை. திருடர்கள் சட்டம் படிக்கிறார்கள், நண்பர்களே!

அப்படியானால் எல்லா இடத்திலும் எச்சரிக்கை மணி கட்டிவிடலாமே என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வங்கியில் நாளொன்றுக்கு 10 லட்சம் பரிமாற்றங்கள், அதில் 10 திருட்டு என்று வையுங்கள். மென்பொருள் நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்கிறது. அருமை! ஆனால் மீதி ஒரு சதவீதத்தில், ஏறத்தாழ 10,000 நியாயமான பரிமாற்றங்கள் மேல் பொய் மணி அடிக்கும். ஆயிரம் மணிக்கு ஒன்றுதான் நிஜம். ஸ்டெஃபான் ஆக்சல்சன் என்ற சுவீடன் ஆய்வாளர் 1999-லேயே இந்தச் சிக்கலை விரித்துக் காட்டினார். நாள் முழுக்கப் பொய் மணி கேட்கிற ஊழியருக்குக் காது மரத்துப் போகாதா? 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் திருடுபோனபோது, மென்பொருள் சரியாகவே எச்சரித்தது. மனிதர்கள் அதன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை.

என் வாதம் இதுதான். இன்னும் கூர்மையான மென்பொருள் வாங்குவதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, மணி அடித்தால் எழுந்து போய்ப் பார்க்கும் ஆளுக்குச் செலவிடுங்கள். யாரையும் கேட்காமல் பரிமாற்றத்தை நிறுத்திவைக்கும் அதிகாரத்தையும் அவருக்குக் கொடுங்கள்.

டாக்காவில் விஷயம் தெரிந்து பதறியது சனிக்கிழமை. நியூயார்க்கில் அன்று விடுமுறை. மின்னஞ்சல் அனுப்பினார்கள், ஃபேக்ஸ் அனுப்பினார்கள், தொலைபேசியில் அழைத்தார்கள். எடுக்க ஆளில்லை. திங்கட்கிழமை மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. செவ்வாய்க்கிழமை பணம் கணக்கை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. இத்தனைக்கும் பிறகு நியூயார்க் வங்கி செய்த சீர்திருத்தங்களில் ஒன்று: உலகத்து மத்திய வங்கிகள் அவசரத்துக்கு அழைக்க, இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்.