பிள்ளைகளைப் பிரித்து வைத்துச் சமாதானம் பேசலாமா?



மதச் சண்டைக்குப் பரிகாரம் சகிப்புத் தன்மை என்று எல்லோரும் உபதேசம் செய்கிறார்கள். எல்லா மதத்துக் குருமார்களும் ஒரே மேடையில் கைகோத்து நின்று படம் எடுத்துக் கொள்ளுகிறார்கள். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம்: ஒரே மேடையில் ஏறுகிற நீங்கள், உங்கள் பிள்ளைகளை ஒரே பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்கச் சம்மதிப்பீர்களா?

வட அயர்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே கத்தோலிக்கரும் புராட்டெஸ்டெண்டுகளும் கும்பிடுவது ஒரே கிறிஸ்துவைத்தான். 1923-ம் வருஷத்தில் கல்வி மந்திரியாயிருந்த லண்டன்டெரி பிரபு, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கட்டும், பள்ளி நேரத்தில் மதபோதனை வேண்டாம் என்று சட்டம் செய்தார். மோக்ஷத்துக்கு வழி எது என்பதில் ஒருநாளும் ஒத்துப்போகாத இருபக்கத்துப் பாதிரிகளும், அந்தச் சட்டம் கூடாது என்பதில் மாத்திரம் ஒத்துப்போய்விட்டார்கள்! 1925-லும் 1930-லும் அதைத் திருத்தி, அதன் உயிரையே எடுத்துவிட்டார்கள்.

பலன் என்ன? அடுத்த தெருப் பிள்ளையின் முகமறியாமலே பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1960-களின் கடைசி முதல் 1998 வரை நடந்த கலகத்தில் 3,500 பேருக்கு மேல் மாண்டார்கள். கலகத்துக்கு ஓட்டு, வேலை, வீடு முதலிய காரணங்களும் உண்டு; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், முகமறியாதவனைப் பகைவன் என்று நம்பவைப்பது சுலபமல்லவா?

அந்தக் கலகத்தின் நடுவிலேயே, 1981-ல், சில பெற்றோர்கள் எவருக்கும் காத்திராமல் பெல்ஃபாஸ்டில் 28 பிள்ளைகளோடு லாகன் கல்லூரி என்ற பொதுப் பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தார்கள். அப்படிப்பட்ட பள்ளிகளை ஊக்குவிப்பதாக 1998 ஒப்பந்தத்திலும் எழுதினார்கள். எழுதியும், இன்று அங்கே படிப்பவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான்.

இதைக் கேட்டுச் சிரிக்க நமக்கு யோக்கியதை உண்டா? சேரன்மாதேவி குருகுலத்தில் பொதுப்பணத்தை வாங்கிக்கொண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு போட்டதும், 1925-ல் அதற்காகத் தமிழ்நாடே கொதித்ததும் நீங்கள் அறிந்ததே. அங்கே தேசபக்தி கற்பித்தார்கள். சேர்ந்து சாப்பிடக் கற்பிக்கவில்லை. சேர்ந்து உண்ணாதவர்கள் சேர்ந்து பாடிவிட்டால் தேசம் ஒன்றாகிவிடுமா?

ஆதலால் தோழர்களே! சகிப்பு என்பது பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்தவனைப் பொறுத்துக் கொள்ளுவதல்ல. சிறு வயது முதல் பழகிப் பழகி வருவது. அதைப் பிரசங்கத்தால் ஊட்ட முடியாது. பாடப் புத்தகத்தில் தீண்டாமை பாவம் என்று அச்சடித்து விட்டாலும் போதாது. நாளைக்கே உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையோடு உட்காருகிறது, எவர் சமைத்தால் எவர் வீட்டுப் பிள்ளை சாப்பிட மறுக்கிறது, கையில் என்ன நிறக் கயிறு கட்டியிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கயிற்றைக் கட்டிவிட்டது பிள்ளையல்ல, நாம்தான். கட்டியவர்களே அவிழ்க்க வேண்டும் என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம்.