பூத்த மரம் காய்க்க வேண்டுமானால்

(தோட்டக்கலை அலுவலர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



ஏப்ரல் மாதத்தில் இமாசலப் பிரதேசத்தின் மலைச்சரிவுகளில் ஆப்பிள் மரங்கள் கிளை தெரியாமல் பூத்து நிற்கும். ஆயினும், பூத்த மரமெல்லாம் காய்த்துவிடுவதில்லை. உரமிட்டும் கவாத்துச் செய்தும் பலன் காணாத சிறு விவசாயி, மண்ணையும் விதியையும் நொந்துகொள்கிறார். பல வேளைகளில் குறை இருப்பது மகரந்தச் சேர்க்கையில்தான்.

1916-ல் சாமுவேல் ஸ்டோக்ஸ் கோட்கர் பகுதியில் ரெட் டெலிஷியஸ் கன்றுகளை நட்டார். சிவந்த பழத்துக்கு நல்ல விலை கிடைத்ததால் டெலிஷியஸ் வகைகளே மலையெங்கும் பரவின. ஆனால் இவை தம் மகரந்தத்தால் சரிவரக் காய்ப்பதில்லை. ஒரே இனத்தில் நூறு மரங்கள் நின்றாலும், எல்லாம் ஒட்டுக்கட்டிப் பெருக்கியவையாதலால், இவ்வகையில் அவை ஒரே மரத்துக்குச் சமம். உடன் பூக்கும் வேறோர் இனம் அருகில் வேண்டும். கோல்டன் டெலிஷியஸ் அதற்கு ஏற்றது. அதன் மஞ்சள் பழம் விலை குறைவு என்று ஒதுக்கியவர்கள், சிவந்த பழத்தின் விளைச்சலையும் சேர்த்தே இழந்தார்கள். தோட்டத்தில் 25 முதல் 33 சதவீதம் வரை மகரந்தம் தரும் மரங்கள் இருப்பது நல்லது.

ஆப்பிளின் மகரந்தம் பிசுபிசுப்பானது. காற்றில் அதிகம் பரவாது. தேனீயே அதைச் சுமந்து செல்ல வேண்டும். ஆப்பிளைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகள் தெரியும். அறைக்கு இரண்டாகப் பத்து விதைகள் வரை இருக்கலாம். விதை குறைந்த பழம் கோணலாக வளரும் அல்லது பிஞ்சிலேயே உதிரும். மாணவர்கள் விதைகளை எண்ணிப் பார்த்தாலே தேனீ செய்த வேலையின் அளவு விளங்கும்.

வீட்டருகே நாலைந்து மரங்களே வைத்திருப்பவர் என்ன செய்வது? ஒரு கிளையில் வேற்றினத்தை ஒட்டுக்கட்டலாம். அது பூக்கும் வரை, வேற்றினத்தின் பூங்கொத்துகளைத் தண்ணீர் நிரப்பிய டப்பாக்களில் வைத்து மரங்களில் தொங்கவிடலாம். பூக்கத் தொடங்கியதும் தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைக்கலாம். இந்தியத் தேனீ, குளிர்ந்த காலையில் இத்தாலியத் தேனீக்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிடும்.

ஆனால் தேனீக்கு வேலி கிடையாது. பூத்திருக்கும் நாட்களில் ஒருவர் பூச்சிமருந்து தெளித்தால், பக்கத்துத் தோட்டத்துக்காரரின் தேனீயும் மடியும். அதுபோலவே, ஒருவர் நட்ட கோல்டன் டெலிஷியஸ் அண்டை வீட்டாரின் மரத்தையும் காய்க்கச் செய்யும். நட்டமும் நன்மையும் இங்கே ஊருக்குப் பொது.

ஆகவே அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். கன்றுகளை வழங்கும்போது மகரந்தம் தரும் இனத்தையும் சேர்த்தே வழங்குங்கள். பூக்கும் நாட்களில் மருந்து தெளிப்பதில்லை என்ற முடிவை ஊர் கூடி எடுக்கச் செய்யுங்கள். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஊராரின் ஒற்றுமைதான் தேவை.