சர்ச்சுவில் ஓர் இரவு



வெளிமாநிலத்தில் உத்தியோகம் பார்க்கும் நமக்கு விடுப்பு என்றாலே ஊருக்குப் போகும் ரயில்தான் நினைவுக்கு வரும். 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாங்கள் கணவன் மனைவி இருவரும் அந்த ரயிலை விட்டுவிட்டு, தில்லியிலிருந்து வடக்கே லே நகருக்கு எங்கள் பழைய புல்லட்டில் புறப்பட்டோம். 1955இல் சென்னையில் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்த வண்டி அது. ஆகவே எங்களோடு ஊர்க்காரர் ஒருவரும் வருகிறார் என்றே சொல்லிக்கொண்டோம்.

மண்டியில் ஓர் இரவு, மணாலியில் ஓர் இரவு. அதுவரை முதுகுவலியைத் தவிரச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மணாலிக்கு அப்பால், 2020இல் திறக்கப்பட்ட ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கத்தைக் கடந்தால் லாஹௌல் பள்ளத்தாக்கு. சந்திரா நதியும் பாகா நதியும் கூடும் தண்டியில், அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால்தான் என்று ஒரு பலகை எச்சரித்தது. கேன்களை நிரப்பிக்கொண்டு, சுமார் 3,200 மீட்டர் உயரத்திலுள்ள ஜிஸ்பாவில் அன்றிரவு தங்கினோம்.

மறுநாள்தான் சோதனை. சிற்றோடைகள் பல, பாலமின்றிச் சாலையின் குறுக்கே ஓடுகின்றன. வெயில் ஏற ஏறப் பனி உருகி நீர் பெருகுமாதலால் காலையிலேயே அவற்றைக் கடந்துவிட வேண்டும். நாங்களோ தேநீருக்கும் புகைப்படத்துக்கும் நின்று நின்று, நண்பகலுக்குப் பின்னரே ஓடைகளை அடைந்தோம். மனைவியார் இறங்கி முழங்காலளவுப் பனிநீரில் நடந்துவந்தார். பாராலாச்சா கணவாயில் ஏறுகையில் புல்லட்டுக்கும் மூச்சு முட்டியது. காற்று மெலிந்த இடத்தில் கார்புரேட்டர் பழைய அளவிலேயே பெட்ரோலைக் கொடுக்கும். எரிவதற்குப் பிராணவாயு போதாது. முதல் கியரில் ஊர்ந்து, மாலையில் சர்ச்சு சமவெளிக் கூடாரங்களை அடைந்தோம்.

சர்ச்சு ஏறத்தாழ 4,290 மீட்டர். மூவாயிரம் மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்பது மருத்துவர்கள் கூறும் நெறி. நாங்கள் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் ஏறியிருந்தோம். புத்தகத்தில் படித்ததுதான், விடுப்புக் கணக்குக்கு முன்னால் அது நினைவில் நிற்கவில்லை.

இரவு எங்களுள் வண்டி ஓட்டியவருக்குத் தலைவலி கண்டது. அவர் அதை மறைத்தார். சோறு இறங்கவில்லை, இருமுறை வெளியே சென்று வாந்தி எடுத்தார். "என்னங்க, ஒன்றுமில்லை என்று எத்தனை முறை சொல்வீர்கள்? திரும்பிவிடுவோம்" என்றார் மனைவியார். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு?" என்று கோபமாகப் பதில் வந்தது. பத்தொன்பது ஆண்டு இல்வாழ்க்கையில் அத்தகைய குரலில் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

சர்ச்சுவின் இக்கட்டு என்னவெனில், இரு புறமும் ஏற்றமே. முன்னே சென்றால் லாச்சுலுங் கணவாய் ஐயாயிரம் மீட்டருக்கு மேல். அடுத்துத் தங்கும் பாங் என்னும் இடமும் சர்ச்சுவைவிட உயரம். பின்னர் தங்லங் கணவாய் 5,328 மீட்டர். தாழ்ந்த நிலம் வருவதற்குள் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். பின்னே திரும்பினால் பாராலாச்சா ஒன்றைத் தாண்டினால் போதும். சில மணி நேரத்தில் ஜிஸ்பா. விடியற்காலையில் கூடாரத்துக்குரிய லாஹௌலி மூதாட்டி உள்ளே வந்து பார்த்துவிட்டு, மனைவியாரிடம் இந்தியில், "மகளே, லே எங்கும் போய்விடாது. இவரைக் கீழே கொண்டு போ" என்றார். அலுவலகத்தில் எத்தனையோ கோப்புகளை மொழிபெயர்த்த எங்களுக்கு, அந்த வாக்கியத்துக்கு வேறு பொருள் சொல்ல வாய்க்கவில்லை.

ஓட்டும் நிலையில் அவர் இல்லை. மனைவியார் ஸ்கூட்டர் அறிந்தவரேயன்றி அந்தக் கனத்த வண்டியைத் தொட்டவரல்லர். மணாலிக்கு வெறுமனே திரும்பிய சிறு லாரியொன்றைக் கூலி பேசினார். புல்லட்டைக் கயிற்றால் கட்டி ஏற்றினார்கள். அதைக் காண வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தார்ச்சாவுக்கு இறங்குவதற்குள் தலைவலி பாதியாயிற்று. ஜிஸ்பாவில் ஒரு கிண்ணம் பருப்புச் சாதம் வயிற்றில் தங்கிற்று.

அங்கே இரண்டு இரவு சும்மா இருந்தோம். முதல் நாள் பேச்சு அதிகமில்லை. இரண்டாம் நாள் பாகா நதிக்கரையில் அமர்ந்திருக்கையில், வண்டி ஓட்டியவர் தாமாகவே மன்னிப்புக் கேட்டார். "தலை வலித்தால் இனிமேல் வாயைத் திறந்து சொல்லுங்கள்" என்றதோடு மனைவியார் முடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் விடியுமுன் கிளம்பி, ஓடைகளைக் கணுக்கால் நீரில் கடந்தோம். சர்ச்சுவில் மூதாட்டியின் தேநீர் அருந்தி அங்கேயே தங்கினோம்; தலைவலி இல்லை. இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காட்டா லூப்ஸ், பிறகு மோரே சமவெளி. வழியெங்கும் ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு கல்லுடைத்துக்கொண்டிருந்தார்கள். 1960இல் அமைந்த எல்லைச் சாலைகள் நிறுவனம் என்ற பெயரை நாங்கள் தாளில் நூறு முறை எழுதியிருப்போம். அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள கைகளை அன்றுதான் கண்டோம்.

இழந்த நாட்களுக்கு ஈடாகப் பாங்காங் ஏரியைக் கைவிட்டோம். லே சேர்ந்தபோது இரவாகியிருந்தது. என்ன வேண்டும் என்று விடுதிக்காரர் கேட்டார். மனைவியார் கேட்டது ஒரு வாளி வெந்நீர்.