கன்னத்து வீக்கமும் கள்ளின் கேடும்
(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

நான் பணி ஓய்வு பெற்றபின் ஒருநாள், என் பழைய மாணவர் ஒருவரைப் பேருந்து நிலையத்தில் கண்டேன். பள்ளி நாளில் ஒட்டிய கன்னத்தோடு இருந்தவர்; அன்று இரு கன்னங்களும் பூரித்திருந்தன. "உடம்பு நன்றாகத் தேறியிருக்கிறதே, தம்பி!" என்றேன். அவர் தலைகுனிந்தார். உடனிருந்த அவர் மனைவி, "ஐயா, இது தேறிய உடம்பு அன்று, குடியால் வந்த வீக்கம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்" எனக் கண்கலங்கினார். நோயைக் கண்டு நலம் என வாழ்த்திய என் அறியாமைக்கு நாணினேன். அதன்பின் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே கூறுகிறேன்.

நமக்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று இணை உள்ளன. காதின் முன்புறம் ஓர் இணை. கீழ்த்தாடையின் அடியில் ஓர் இணை. நாவின் கீழ் ஓர் இணை. நாள்தோறும் ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் ஊறுகிறது. அது உணவை நனைத்து விழுங்கச் செய்கிறது, மாவுப்பொருளின் செரிமானத்தைத் தொடங்கிவைக்கிறது, அமிலத்தைத் தணித்துப் பற்களைக் காக்கிறது, கிருமிகளை அடக்குகிறது.

நெடுங்காலம் மது அருந்துவோரிடம் இச்சுரப்பிகளை இயக்கும் நரம்புகள் பழுதுறுகின்றன. சுரப்பியின் உயிரணுக்கள் பருக்கின்றன. நாளடைவில் கொழுப்பும் படிகிறது. காதின் முன்னே இருபுறமும் வீக்கம் தோன்றுகிறது. பொன்னுக்கு வீங்கியைப் போல் வலியோ காய்ச்சலோ இல்லாமையால் எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. சுரப்பி பெருத்தாலும் ஊறும் நீர் குறைகிறது. வாய் வறண்டு, பற்கள் சொத்தையாகி, ஈறுகள் நலிகின்றன.

மற்றொரு கேடும் உண்டு. வாயில் வாழும் நுண்ணுயிரிகள் மதுவை அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாக மாற்றுகின்றன. அது உமிழ்நீரில் கலந்து, வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு வழிகோலுகிறது. மதுபானங்கள் புற்றுநோய் விளைவிப்பவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியது. புகையிலையும் சேர்ந்தால் தீங்கு பன்மடங்காகும்.

ஆயினும் கன்னம் வீங்கியோர் எல்லாம் குடிப்போர் அல்லர். நீரிழிவாலும் ஊட்டக்குறைவாலும் இவ்வீக்கம் வரும். ஆகவே பழி கூறாது மருத்துவரிடம் காட்டுதலே முறை.

கள், ஊன், தேன் ஆகியவற்றை விலக்குதல் நம் சிராவக ஒழுக்கத்தின் முதற்படி. அதனாலேயே, "நம் வீட்டில் அது இராது" என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம். இருப்பின் மறைக்கிறோம். அப்பெண்மணியும் உறவினர் ஏளனத்துக்கு அஞ்சி நான்கு ஆண்டுகள் மறைத்ததாகக் கூறினார். அந்த நான்கு ஆண்டுகளும் மருத்துவத்திற்கு இழந்த ஆண்டுகள் அல்லவா? கொல்லாமை என்பது எறும்பிடம் மட்டும் காட்டும் அருளன்று. வழி தவறிய மகனை ஏசி வருத்தாமையும் அதில் அடங்கும்.

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் நேரலாம். ஆதலால் மருத்துவர் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். என் மாணவர் அவ்வாறே நிறுத்தினார். சென்ற பொங்கலன்று வீட்டுக்கு வந்திருந்தார். கன்ன வீக்கம் முற்றும் வற்றவில்லை. முகத்தில் தெளிவு இருந்தது. இம்முறை நான் அவர் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அருகில் அமர்த்தி, பொழுது சாயுமுன் உணவிட்டு அனுப்பினேன்.