கதாநாயகிக்குப் புடவை கட்டியவர்கள்



எழுத்தாளர் தொடர்கதையில் “கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே வந்தாள்” என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடலாம். ஓவியருக்கு அது நடக்காது. அவள் கட்டியிருப்பது ஆறு கஜமா, ஒன்பது கஜமா? ரவிக்கையின் கை முழங்கையைத் தொடுகிறதா, தோளோடு நின்றுவிடுகிறதா? காலில் செருப்பு உண்டா? கையில் குடமா, கடிகாரமா? அடுத்த இதழ் அச்சுக்குப் போவதற்குள் அத்தனைக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும். எந்தப் பெண் எதை உடுத்தலாம் என்று அந்தந்தக் காலம் நினைத்ததோ, அதெல்லாம் அந்தப் பதில்களில் பதிந்து கிடக்கிறது. நம் பத்திரிகைக் கதைப்படங்களை உடையின் வரலாறாகவும் படிக்க வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

பாரிஸில் உடைக்கென்றே ஓவியம் வளர்ந்தது. 1908-இல் பால் புவாரே என்ற உடை வடிவமைப்பாளர், தாம் உருவாக்கிய உடைகளை பால் ஈரிப் என்ற ஓவியரை வரையச் சொல்லித் தனித் தொகுப்பாகவே வெளியிட்டார். இடுப்பை இறுக்கும் கச்சிலிருந்து விடுபட்ட பெண் அந்தப் பக்கங்களில் நின்றாள். நமக்கு அப்படி ஒரு தனி ஏடு வாய்க்கவில்லை. அந்த வேலையை வாரப்பத்திரிகைகளே செய்துவிட்டன.

ஓவியர் மணியத்தை முதலில் சொல்ல வேண்டும். 1950-இல் ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ தொடர்கதை தொடங்கியபோது, சோழர் காலத்து ஆடையை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. சிற்பங்களையும் அஜந்தா ஓவியங்களையும் பார்த்துப் பார்த்து அவர் ஓர் உடுப்புலகத்தையே படைத்தார். குந்தவைக்கு ஒரு கொண்டை, நந்தினிக்கு வேறொரு கொண்டை. பெயரைப் படிக்காமலே ஆளைச் சொல்லிவிடலாம். ஆனாலும் அந்தப் பெண்களின் கண்ணிலும் புருவத்திலும் 1950-களின் அழகுணர்ச்சி தெரியத்தான் செய்கிறது. புதிதாக விடுதலை பெற்ற மக்கள் தங்கள் பழைய பெருமையை எந்தக் கோலத்தில் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கோபுலு வேறு வகை. தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணத்தில் ஓவியம் பயின்றவர். ‘ஆனந்த விகட’னில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய ‘தில்லானா மோகனாம்பா’ளுக்கு அவர் வரைந்த படங்களில் உடைதான் மனிதர்களின் இடத்தைச் சொல்கிறது. மிராசுதாரின் அங்கவஸ்திரம் விழும் விதம் வேறு. அவரிடம் கைகட்டி நிற்பவரின் துண்டு இருக்கும் இடம் வேறு. 1963-இல் சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’ வந்தபோது, மடிசார் மாமிகளையும் அமெரிக்கச் சீமாட்டிகளையும் ஒரே கல்யாணக் கூட்டத்தில் நிறுத்தினார் கோபுலு. கதை சிரிக்க வைப்பதற்காக எழுதப்பட்டது. படங்களோ, வெளிநாடு என்பது நம் வீட்டுப் பேச்சுக்குள் வந்துவிட்டதை அப்படியே பிடித்து வைத்திருக்கின்றன.

பிறகு ஜெயராஜ். அவர் படங்களில் கையில்லாத ரவிக்கை வந்தது, பெல்பாட்டம் வந்தது, பின்னாமல் விட்ட தலைமுடி வந்தது. ஆபாசம் என்று கண்டித்தவர்கள் உண்டு. அவர் கோட்டில் உடலின் மேல் ஒரு கூடுதல் கவனம் இருந்தது உண்மை; அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் தோளில் ஒரு கைப்பை தொங்கியதையும் பார்க்க வேண்டும். அவள் வங்கிக்கோ அலுவலகத்துக்கோ போகிறவள். எதிரே நிற்பவனை நிமிர்ந்து பார்க்கிறவள். அதே ஆண்டுகளில் மாருதி வரைந்த பெண்ணோ பெரிய கண்களும் தலை நிறையப் பூவும் கொண்ட வீட்டுப் பெண். ஒரே வீட்டில் இருவரின் படங்களையும் விரும்பிப் பார்த்தார்கள். மகள் சம்பாதிக்கவும் வேண்டும், மாறிவிடவும் கூடாது என்று நினைத்த ஒரு தலைமுறையின் இரட்டை மனசு அது.

ஆந்திரத்தின் வெதுருகுப்பம், கார்வேட்டிநகரம், புத்தூர்ப் பக்கத்து நேயர்களுக்கு இதில் ஒரு கூடுதல் செல்வம் உண்டு. இங்கே தமிழ், தெலுங்கு இரண்டு மொழியும் புழங்குகின்றன. 1947 ஜூலையில் ‘அம்புலிமாமா’வும் ‘சந்தமாமா’வும் சென்னையில் ஒன்றாகவே பிறந்தன. ஒரே படத்தின் கீழ் ஒரு வீட்டில் தமிழும் அடுத்த வீட்டில் தெலுங்கும் படித்தார்கள். தெலுங்கு ஏடுகளில் பாப்பு என்ற ஓவியர் இருந்தார். நீண்ட பின்னல், அகன்ற விழி, பாவாடை தாவணி. இத்தனையும் சில கோடுகளில் முடிந்துவிடும். அழகான பெண்ணைப் ‘பாப்பு பொம்மை’ என்று இன்றைக்கும் தெலுங்கில் சொல்கிறார்கள். தாவணி அன்றாட உடையாக இருந்த காலம் போய், விசேஷத்துக்கு மட்டும் எடுத்து உடுத்தும் உடையாகிவிட்டது. அந்த அன்றாடத் தாவணி எப்படிச் செருகப்பட்டது, எப்படிப் பறந்தது என்பதை பாப்புவின் கோடு வைத்திருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லாமல் விட முடியாது. இந்த ஊர்ப்பக்கம் கரும்புத் தோட்டத்திலும் நிலக்கடலைக் கொல்லையிலும் புடவையைத் தூக்கிச் செருகி, மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்யும் பெண்களைப் பார்க்கிறோம். வெயிலுக்கும் சுணைக்கும் அவர்களே கண்டுகொண்ட உடை அது. அப்படி ஒருத்தி கதாநாயகியாக வரையப்பட்டது மிக அபூர்வம். கறுத்த பெண்ணும் அப்படித்தான். வீடு வீடாக நைட்டி வந்து, வாசலுக்கு வரும்போது தோளில் ஒரு துண்டு போட்டுக்கொள்ளும் வழக்கமும் வந்ததே, நம் பெண்களின் உடையில் நிகழ்ந்த அவ்வளவு பெரிய மாற்றத்தைக் கதைப்படங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை. வரைந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் பார்க்க விரும்பியது வந்தது. மற்றது பக்கத்துக்கு வெளியே நின்றுவிட்டது. அதனால் இந்தப் படங்களை நம்பும்போதே, இவற்றில் இல்லாதது எது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது அட்டைகளில் புகைப்படமே நிற்கிறது. ரவிக்கைக்குக் கழுத்து மாதிரி வேண்டுமென்றால் தையற்கடையில் கைப்பேசியை நீட்டுகிறார்கள். பழைய தொடர்கதைகள் புத்தகமாக மறுபதிப்பு வரும்போது, பலவற்றில் படங்கள் இல்லை. எழுத்து மட்டும் வருகிறது. படத்தோடு கூடிய மூலம், வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த வீட்டுத் தொகுப்புகளில்தான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஒரு சில இடங்கள் பழைய இதழ்களைக் காத்து வருகின்றன. ஆனால் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு தொகுப்பு இருந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். எந்த இதழ், எந்த ஆண்டு என்று முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்தப் படத்தில் இருக்கும் புடவைக்கட்டு, கொண்டை, ரவிக்கை பற்றி வீட்டில் இருக்கும் பெரியம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு, அவர்கள் சொல்வதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.