மீனுக்கு இரையா, நமக்கு நோயா?

நம் தோட்டத்து வீடுகளில் கண்ணாடிப் போத்தலில் சண்டை மீன் வளர்க்க விரும்பாத பிள்ளைகள் உண்டா? கொசுப்புழுவைப் போட்டதும் மீன் பாய்ந்து வந்து பிடிக்கும். உயிருள்ள இரையில் புரதச்சத்து மிகுதி. மீன் நன்கு வளரும், நிறமும் கூடும்.

ஆனால், அந்தப் புழுவுக்காக வாளியில் நீரைத் தேக்கி வைக்கலாமா? கூடவே கூடாது. ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். ஏறக்குறைய ஒரே வாரத்தில் புழு கொசுவாகிப் பறந்துவிடும். மீனுக்கென்று வைத்தது நம் பிள்ளைக்கு டிங்கிக் காய்ச்சலாக வந்து சேரலாம். மலேசியாவில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏடிஸ் கொசு பெருக இடமளிப்பது குற்றமுமாகும்.

கால்வாயில் அள்ளும் சிவப்புப் புழுவிலும் கவனம் வேண்டும். அதனோடு நோய்க்கிருமிகளும் களைக்கொல்லி மருந்தும் வந்து மீனைக் கொன்றுவிடக்கூடும்.

ஆகவே, கண்ணில் பட்ட கொசுப்புழுக்களை வடிகட்டி, மீன் உடனே தின்று தீர்க்கும் அளவு மட்டுமே போடுவோம். மிச்சத்தைக் காய்ந்த தரையில் கொட்டுவோம். வாளியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவோம். அங்கே ஒட்டியிருக்கும் ஏடிஸ் முட்டைகள் காய்ந்த பிறகும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மற்ற நாள்களில் கடையில் விற்கும் உலர்ந்த மீனுணவே போதும். மீனும் வாழட்டும்; நம் பிள்ளைகளும் நலமாக வாழட்டும்.