விளையாட்டும் வேலைதான்

(மைசூரில் குழந்தை பார்க்கும் வேலை செய்யும் பெண்களின் கூட்டத்தில் பேசியது)



நாம் எல்லோரும் ஒரே வேலை செய்கிறவர்கள். காலையில் பிறர் வீட்டுக்குப் போகிறோம். அவர்கள் வேலைக்குப் போனதும் குழந்தையைப் பார்த்துக் கொள்கிறோம். குளிப்பாட்டுகிறோம். சோறு ஊட்டுகிறோம். தூங்க வைக்கிறோம். மீதி நேரத்தில் என்ன செய்கிறோம்? மழைக் காலத்தில் குழந்தையை வெளியே விட முடியாது. அது அழுகிறது. உடனே செல்போனைக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு நாள் மின்சாரம் இல்லை. போனில் சார்ஜும் இல்லை. நான் பார்த்துக்கொண்ட நாலு வயதுப் பெண் குழந்தை தரையில் புரண்டு அழுதாள். சமையல் அறையில் புளியங்கொட்டை இருந்தது. அதை எடுத்து வந்தேன். சாக்கட்டியால் தரையில் 14 வட்டம் போட்டேன். அழுகை நின்றுவிட்டது.

அப்போது அந்த வீட்டு அஜ்ஜி வந்து பார்த்தார். "சம்பளம் கொடுப்பது உட்கார்ந்து விளையாடவா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. மனம் வலித்தது. அந்தப் பதிலை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் ஓர் அறிவுரை சொன்னது. இரண்டு வயது ஆகாத குழந்தைக்கு டி.வி., செல்போன் வேண்டாம். இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. ஓடி ஆடவும், கதை கேட்கவும், பெரியவர்களுடன் பேசி விளையாடவும் குழந்தைக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தில் குழந்தையுடன் இருப்பவர் யார்? நாம்தான்.

நமக்கு என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். நமக்குத் தெரிந்த ஆட்டங்களை ராஜாவே ஆடியிருக்கிறார். மைசூரை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1868-இல் காலமானார். அவருக்குப் பலகை ஆட்டங்களில் பெரிய ஆசை. புதிய ஆட்டங்களையும் அவரே உண்டாக்கினார்.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம்.

முதலில் பல்லாங்குழி. கன்னடத்தில் அளகுளி மணெ என்பார்கள். பலகை இல்லாவிட்டால் தரையில் வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு 5 கொட்டை. மொத்தம் 70. உங்கள் பக்கத்தில் ஒரு வட்டத்துக் கொட்டைகளை எடுங்கள். அடுத்தடுத்த வட்டங்களில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். கை காலியானால் அடுத்த வட்டத்தில் இருப்பதை எடுத்துத் தொடருங்கள். அடுத்த வட்டம் வெறுமையாக இருந்தால், அதற்கு அடுத்ததில் உள்ளது உங்களுக்கு. பிறகு குழந்தையின் முறை. சின்னக் குழந்தைக்கு முழு ஆட்டம் வேண்டாம். ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணினாலே போதும்.

அடுத்தது சௌக்க பாரா. நம் தாயம் போன்றது. ஐந்துக்கு ஐந்து, 25 கட்டம். நாலு சோழியைக் குலுக்கிப் போட வேண்டும். நிமிர்ந்து விழுந்த சோழிகளை எண்ணுங்கள். நாலும் நிமிர்ந்தால் 4. அது சௌக்க. நாலும் கவிழ்ந்தால் 8. அது பாரா. சோழி இல்லையா? புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தரையில் தேய்த்துக் கொள்ளுங்கள். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்கு இது ஏற்றது. காய் வெட்டுப்பட்டால் அழும். ஆனால் தோற்றாலும் மறுபடி ஆடலாம் என்று பழகிக் கொள்ளும்.

கைக்குழந்தைக்கு எதுவும் வாங்க வேண்டாம். அதன் உள்ளங்கையில் பருப்புக் கடையுங்கள். விரல்களை நண்டுபோல் கைமேல் ஏற்றுங்கள். முந்தானையால் முகத்தை மூடித் திறந்து காட்டுங்கள். அது சிரிப்பதைப் பாருங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. மூன்று வயது ஆகாத குழந்தையின் கைக்குக் கொட்டையும் சோழியும் எட்டக் கூடாது. வாயில் போட்டால் மூச்சு அடைக்கும். ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பையில் போடுங்கள். 70 இருந்ததா? 70 வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடி எடுங்கள். தப்பித் தவறித் தொண்டையில் சிக்கி, குழந்தையால் இருமவும் முடியவில்லையா? கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள். அது இன்னும் உள்ளே போய்விடும். குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். உடனே 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

ஐரோப்பாவில் ஒரு வழக்கம் உண்டு. இளம் பெண்கள் வேறு நாட்டுக்குப் போய் ஒரு குடும்பத்துடன் தங்குவார்கள். அந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக் கொள்வார்கள். அவர்களை 'ஓ பேர்' என்பார்கள். இது பிரெஞ்சுச் சொல். 'சரிசமமாக' என்று பொருள். நமக்கு அந்தப் பெயர் இல்லை. ஆனால் குழந்தை நம்மோடு தரையில் உட்காரும்போது சரிசமமாகத்தான் உட்காருகிறது. "அக்கா, உங்க முறை" என்கிறது.

எழுத்து வகுப்பில் எண்கள் கற்றேன் அல்லவா? யாருக்கு எத்தனை கொட்டை என்று தினமும் நோட்டில் எழுதி வைத்தேன். ஒரு மாதத்தில் அந்தக் குழந்தை தானே 70 வரை எண்ணினாள். அஜ்ஜி அதைக் கேட்டார். எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பரணில் இருந்து தன் பழைய மரப் பலகையை இறக்கித் துடைத்து வைத்தார். "நீ சொல்லிக் கொடுக்கிற விதி கொஞ்சம் தப்பு" என்று சொல்லி, அவரும் ஆட உட்கார்ந்தார்.

மாலையில் வீட்டுக்குப் போனதும் நம் பிள்ளைகளோடும் ஓர் ஆட்டம் ஆடுங்கள். அவர்களும் நமக்காகப் பகல் முழுவதும் காத்திருந்தவர்கள்தானே?